வென்டிலேட்டர் வைத்ததால்தான் அப்பா இறந்தாரா?

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் அப்பாவைப் பறிகொடுத்தோம். அவருக்கு 63 வயது, சர்க்கரை நோய் இருந்தது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 84 இருக்கும்போது மருத்துவமனையில் சேர்த்தோம். நான்கு நாள் மாஸ்க்கில் ஆக்சிஜன், மூன்று நாள் பைபாப் (இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி), பிறகு வென்டிலேட்டர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அதற்கு ஆறாம் நாள் இறந்துவிட்டார். ‘வென்டிலேட்டர் வைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள், டாக்டர்களே அதைக் குறைத்துக்கொண்டார்கள்’ என்று பின்னால் படித்தேன். அன்று முதல் அந்தக் கையெழுத்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 68 வயது. 152 செ.மீ. உயரம், 72 கிலோ எடை, சர்க்கரை உண்டு. இனி அவருக்குக் கடுமையான நிமோனியா வந்தால் வென்டிலேட்டரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கையெழுத்து அப்பாவைக் கொல்லவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே ஒன்றைக் காட்டுகிறது. முதலில் மாஸ்க், அது போதாதபோது பைபாப், அதுவும் போதாதபோதுதான் டியூப், அதாவது மூச்சுக்குழலில் இறக்கி வென்டிலேட்டரோடு இணைக்கும் குழாய். டாக்டர்கள் குறைத்துக்கொண்டார்கள் என்று நீங்கள் படித்த மாற்றமே இந்த வரிசைதான். அப்பாவுக்கு நடந்தது அந்த மாற்றத்துக்குப் பிந்தைய சிகிச்சை.

2020 மார்ச், ஏப்ரலில் நிலைமை வேறு. மூக்கில் மாட்டும் குழாய் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தும் சாச்சுரேஷன் ஏறவில்லை என்றால், அடுத்த படி டியூப்தான் என்று நியூயார்க் உட்படப் பல ஊர்களில் வைத்திருந்தார்கள். தாமதித்தால் நோயாளி திடீரென்று சரிந்துவிடுகிறார் என்று வூஹானிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பைபாப், ஹை ஃப்ளோ (மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் தருவது) போன்ற கருவிகள் வைரஸை அறை முழுக்கத் தூவிவிடும் என்ற பயமும் இருந்தது. கவச உடை மாட்டவே பல நிமிடம் ஆகும். நள்ளிரவில் பதறி ஓடிவந்து டியூப் போடுவதைவிட, மாலையிலேயே நிதானமாகப் போட்டுவிடுவது நல்லது என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. எதுவும் அலட்சியமான முடிவு அல்ல. (நுண்துளிகளைப் பிறகு அளந்து பார்த்தபோது, இந்தக் கருவிகளைவிட நோயாளியின் இருமல்தான் அதிகம் பரப்புகிறது என்று தெரிந்தது.)

கேள்வி எழுந்தது நோயாளிகளைப் பார்த்துத்தான். சாச்சுரேஷன் 75, 80 என்று காட்டும். ஆனால் அவர் கட்டிலில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். இது எப்படி? மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது ஆக்சிஜன் குறைவதைவிடக் கரியமில வாயு சேர்வதுதான். கரியமில வாயு ஆக்சிஜனைவிடப் பல மடங்கு சுலபமாகக் கரைந்து வெளியேறிவிடும். அதனால் நுரையீரலின் ஒரு பகுதி கெட்டுப்போய் ஆக்சிஜன் சரிந்தாலும், கொஞ்சம் வேகமாக மூச்சுவிட்டாலே கரியமில வாயுவின் அளவு இயல்பாகவே இருந்துவிடும். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த எச்சரிக்கை மணி இன்னும் மெதுவாகத்தான் அடிக்கும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி, இவர்களில் பலருடைய நுரையீரல் ஆரம்ப நாட்களில் விறைக்காமல் நன்றாக விரிகிறது, எனவே எல்லாருக்கும் ஒரே மாதிரி உயர் அழுத்தம் வைக்காதீர்கள் என்று எழுதினார். அவர் சொன்னதுபோல நோயாளிகளைத் தெளிவாக இரண்டு வகையாகப் பிரிக்க முடியாது என்று பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் ‘மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து டியூப் போடாதே, நோயாளியைப் பார்’ என்ற பாடம் நிலைத்துவிட்டது.

அடுத்து, நீங்கள் படித்த ‘பத்தில் ஒன்பது’. அது 2020 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு. நியூயார்க் வட்டாரத்தின் 12 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 நோயாளிகளின் விவரம். அதில் வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் 1,151 பேர். ஆய்வை முடித்த நாளில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள், மீதி 831 பேர் இன்னும் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். அந்த 831 பேரை விட்டுவிட்டு 320 பேரில் 282 பேர் என்று கணக்குப் போட்டால் 88 சதவீதம் வரும். சீக்கிரம் இறப்பவர்கள் சீக்கிரம் கணக்கில் வந்துவிடுவார்கள். பிழைப்பவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். இதழ் சில நாட்களிலேயே அந்த இடத்தைத் திருத்தி வெளியிட்டது, ஆனால் 88 என்ற எண் அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. பிறகு 57,420 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் வென்டிலேட்டர் வைத்தவர்களில் இறந்தவர்கள் 45 சதவீதம். இதுவும் பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய் மிகவும் முற்றி அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவர்களின் எண் அது.

வென்டிலேட்டரால் கெடுதலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாம் இயல்பாக மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. நோயுற்ற நுரையீரலில் திறந்திருக்கும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். பெரியவருக்கான காற்று முழுவதையும் அதில் தள்ளினால் நல்ல பகுதி கிழியும். அதனால்தான் காற்றின் அளவை எடையை வைத்துப் போடக் கூடாது, உயரத்தை வைத்துப் போட வேண்டும். உடம்பு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை.

உங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். உடம்பின் நிஜ எடைக்குப் பதில், உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பெண்களுக்கான கணக்கு: செ.மீ.இல் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 45.5ஐக் கூட்ட வேண்டும். 152 செ.மீ. உயரத்துக்கு வருவது ஏறத்தாழ 45 கிலோ. ஒரு கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 270 மில்லி. நிஜ எடையான 72 கிலோவைப் பார்த்து அதே 6ஆல் பெருக்கினால் 432 மில்லி. ஒவ்வொரு மூச்சிலும் 160 மில்லி கூடுதல், நிமிடத்துக்கு இருபது தடவைக்கு மேல், நாள் முழுக்க. (ஆண்களுக்கு 45.5க்குப் பதில் 50.) கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லிக்குக் குறைத்ததாலேயே இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது என்று 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. மூச்சை உள்ளே தள்ளி ஒரு நொடி நிறுத்திப் பார்க்கும் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டக் கூடாது என்பதும் அப்போதே வந்த விதி. கொரோனா இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வைக்கவில்லை. நெரிசலில் இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. இது தவிர டியூப் வழியாகப் புதிய நிமோனியா, மயக்க மருந்தால் குழப்பம், தசை கரைவது, நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று சேர்வது எல்லாம் உண்டு.

டியூபுக்கு முன் வைக்கக்கூடிய படிகள் இப்போது தெளிவாக இருக்கின்றன. ஹை ஃப்ளோ கருவி, சூடேற்றி ஈரமாக்கிய காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கில் செலுத்தும். அது போதுகிறதா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. சாச்சுரேஷனைக் கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் (60 சதவீதம் என்றால் 0.6) வகுத்து, அதை நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சாச்சுரேஷன் 92, ஆக்சிஜன் 60 சதவீதம், மூச்சு 28 என்றால் 5.5 வரும், 4.88க்கு மேல் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். அதே 92க்கு ஆக்சிஜன் 80 சதவீதமும் மூச்சு 36ம் ஆகிவிட்டால் 3.2தான். மீட்டரில் இரண்டு பேருக்கும் 92தான் தெரியும், ஆனால் இரண்டாமவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். இந்தக் கருவிக்கு ஆக்சிஜன் பசியும் அதிகம். 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 23 மணி நேரம் வரும். 60 லிட்டரில் 100 சதவீதம் வைத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. 2021 மேயில் பல இடங்களில் அதை வைக்க முடியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் பலன் தரும். முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடக்கும் காற்றறைகள் திறக்கும். கழுத்தடியில் ஒன்று, நெஞ்சிலிருந்து மேல்தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு என்று தலையணை வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. 2021இல் வந்த பெரிய ஆய்வில் இப்படிப் படுத்தவர்களில் டியூப் தேவைப்பட்டவர்கள் 33 சதவீதம், மற்றவர்களில் 40. எல்லாவற்றையும்விட உயிர் காத்தது டெக்சாமெத்தசோன் என்ற விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்துதான்: தினம் 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். 2020 ஜூனில் பிரிட்டனிலிருந்து முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அது பலன் தரவில்லை, எனவே வீட்டில் வாங்கிப் போடக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டியூபைத் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. மூச்சுக்குத் தவிக்கும் நோயாளி பெரிய பெரிய மூச்சாக இழுக்கும்போது, எந்தக் கருவியும் இல்லாமலே தன் நுரையீரலைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம். பைபாப்பில் மூன்று நாள் என்பது உங்கள் அப்பாவுக்குச் சற்று நீண்டதா, சரியானதா என்று எனக்கு இங்கிருந்து சொல்ல வழியில்லை. 8,944 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஐசியூவில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் டியூப் போட்டவர்களுக்கும் பிறகு போட்டவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எப்படியானாலும் அது உங்கள் கையில் இருந்த முடிவு அல்ல. படிவம் உங்களிடம் வந்தபோது, கையெழுத்து மறுத்திருந்தால் அவர் மூச்சுத் திணறியே போயிருப்பார்.

அம்மாவுக்கு வருகிறேன். மூச்சு நிமிடத்துக்கு 35க்கு மேல் போய், கழுத்துத் தசைகள் இழுத்து, மூச்சை இழுக்கும்போது வயிறு உள்ளே போகிறதா. பேச்சு ஓரிரு சொல்லில் அறுபடுகிறதா. தூக்கக் கலக்கமோ குழப்பமோ வருகிறதா. ரத்தத்தில் கரியமில வாயு ஏறி அமிலம் கூடுகிறதா. ஹை ஃப்ளோ, பைபாப் எல்லாம் வைத்தும் சாச்சுரேஷன் 88, 90ஐத் தாண்டவில்லையா? அப்போது டியூப் தேவை, தயங்க வேண்டாம். வெறும் எண் குறைகிறது, ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால், “ஹை ஃப்ளோவும் குப்புறப் படுப்பதும் முயற்சி செய்து பார்த்தாகிவிட்டதா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. டியூப் போட்ட பிறகு, “உயரத்தை அளந்து காற்றின் அளவை வைத்தீர்களா? ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி? நாளில் 16 மணி நேரம் குப்புறப் போட முடியுமா?” என்று கேட்கலாம்.

‘வேண்டவே வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். நிமோனியாவில் வென்டிலேட்டர் என்பது பல நேரம் சில நாள் பாலம்தான். அம்மா நல்ல தெளிவோடு இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள்: எவ்வளவு நாள் முயற்சி செய்யலாம், தேறவே வழியில்லை என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. அவர் விரும்பினால் முன்கூட்டியே எழுதி வைக்க 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழி செய்திருக்கிறது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். அந்தத் தாளோடு இன்னொரு சின்னத் தாளும் இருக்கட்டும். உயரம் 152 செ.மீ., சர்க்கரை மாத்திரைகளின் பெயர், மருந்து ஒவ்வாமை, இரண்டு போன் எண்கள். அவசரத்தில் ஆம்புலன்ஸில் ஏறும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.