மாணவர் ஆலோசகராக மாற நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன், பி.எட். முடித்திருக்கிறேன். மாதச் சம்பளம் 26,000 ரூபாய். அதில் வீட்டுக் கடன் தவணை 14,000 போகிறது. மற்ற செலவுகள் கணவரின் வருமானத்தில் நடக்கின்றன. மாணவர் ஆலோசகராக விரும்புகிறேன். ஆறு மாத இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புக்குத் தனியார் நிறுவனம் ஒன்று 1,80,000 ரூபாய் கேட்கிறது. 3 லட்சம் வைப்புத்தொகையைத் தொடாமல், நகையை அடகு வைத்துச் சேரலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் விருப்பம் நல்லது. பிள்ளைகளோடு தினமும் பழகும் ஆசிரியருக்கு இத்துறையில் இயல்பான இடம் உண்டு. ஆனால் பள்ளிகள் ஏற்குமா என்று உறுதியாகத் தெரியாத ஒரு சான்றிதழுக்காக நகைக்கடன் வட்டி கட்டுவது நியாயமான செலவு அல்ல. சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளில் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்கிறது. அதற்கான தகுதிகளாக உளவியல் பட்டம், வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயம் போன்றவற்றைப் பார்த்துவந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டயத்தை மத்திய அரசின் கல்வி ஆய்வு, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்துகிறது. ஓராண்டுப் படிப்பான அதில் முதல் ஆறு மாதங்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம்; அடுத்த மூன்று மாதங்கள் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதங்கள் களப்பயிற்சி. நேரடி வகுப்புக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் இழப்பு 78,000 ரூபாய்தான். அந்த மூன்று மாதத் தவணைக்கான 42,000 ரூபாயை வைப்புத்தொகையிலிருந்து இப்போதே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றை அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

வேலையை விட்டு இரண்டாண்டு எம்.எஸ்சி. உளவியல் படித்தால், கட்டணத்தைச் சேர்க்காமலே 6,24,000 ரூபாய் சம்பளம் போகும். தொலைநிலையில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்; 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. பின்னாளில் கல்விக் கடன் வாங்கிப் படித்தால், அதன் வட்டிக்கான வரிச்சலுகை பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

வெளிநாட்டுக் கல்வி முகமைகளும் ‘மாணவர் ஆலோசகர்’ என்றே ஆள் எடுக்கின்றன. அவற்றில் பல, சேர்க்கை இலக்கு வைத்து நடத்தும் விற்பனை வேலைகள். அதனால் நியமனக் கடிதத்தில் நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இப்போதைய வேலையை விடாதீர்கள். பட்டயத்துக்கு விண்ணப்பிக்கும் முன், மூன்று மாத விடுப்புக்குப் பின் இதே பணியில் தொடரலாம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.