பரிமேலழகர் உரையை எப்படிப் படிப்பது?

வாசகர் கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு திருக்குறளைப் பழைய உரையோடு முழுமையாகப் படிக்க எண்ணிப் பரிமேலழகர் உரையை வாங்கினேன். குறளைவிட உரை கடினமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு எளிய புத்துரையையே படிக்கலாமா? அவர் சொல்வதே வள்ளுவர் கருத்து என்று கொள்ளலாமா? இதை முடித்தபின் பத்துப்பாட்டையும் பழைய உரையோடு படிக்க ஆசை.

பதில்: விட்டுவிட வேண்டாம். உங்களுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் உரையின் கருத்தன்று, அது எழுதப்பட்ட முறையே. பழைய உரைகள் ஆசிரியர் ஒருவர் இலக்கணம் கற்ற மாணாக்கர் முன் பாடம் சொல்வது போன்ற நடையில் அமைந்தவை. எனவே ஒரு சொல்லுக்கு ஏன் அப்பொருள், எது தொக்கு (மறைந்து) நிற்கிறது, பிறர் கொண்ட பாடம் (மூலச் சொல்லின் வேறு வடிவம்) ஏன் பொருந்தாது என்பன போன்ற, மாணாக்கர் எழுப்பக்கூடிய ஐயங்களுக்கெல்லாம் விடைகள் அதில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த அமைப்பு பிடிபட்டுவிட்டால் பாதி வழி கடந்த மாதிரிதான்.

ஒரு குறளையே எடுத்துக்கொள்வோம்.

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை (37)

அச்சிட்ட பதிப்புகளில் முதலில் குறளின் ஒரு பகுதியும், சிறு கோடும், அதன்பின் பொருளும் வரும். "அறத்தின் பயன் இது என்று யாம் ஆகம அளவையான் உணர்த்தல் வேண்டா" என்பது முற்பகுதியின் பொருள். பல்லக்கைக் காவுவானுக்கும் அதில் ஏறிச் செல்வானுக்கும் இடையே அது காட்சியளவையாலேயே உணரப்படும் என்பது பிற்பகுதியின் பொருள். காவுதல் என்றால் தோளில் சுமத்தல்; காவடி என்னும் சொல்லில் அது இன்றும் நம்மிடம் வழங்குகிறது. ஆகம அளவை என்பது நூல் சொல்லும் சான்று, காட்சியளவை என்பது கண்முன் காணும் சான்று. முதல் வாசிப்பில் இவ்வளவு போதும். அடைப்புக்குறிக்குள் உள்ள விளக்கத்தை அப்போது தொடாதீர்கள்.

மறுநாள் அந்த விளக்கத்துக்கு வாருங்கள். உரையின் செல்வம் அங்கேதான் இருக்கிறது. 'ஆறு' என்றால் வழி. அதற்குப் 'பயன்' என்று பொருள் கொண்டது ஏன்? பயன் பின்னர் வருவது ஆகலான் அதனை ஆறு என்றார் என்று அவரே காரணம் சொல்கிறார். குறளில் வினைமுற்று இல்லாதபோது 'உணரப்படும்' எங்கிருந்து வந்தது? அது சொல்லெச்சம், அதாவது குறளில் சொல்லாமல் விடப்பட்டு நாம் வருவித்துக்கொள்ள வேண்டிய சொல் என்கிறார். முடிவில், அறம் பொன்றாத் துணையாதல் இதனால் தெளிவிக்கப்பட்டது என்கிறார். 'பொன்றாத் துணை' முந்தைய 36ஆம் குறளின் தொடர். சாகும்போதும் சாகாமல் உடன்வரும் துணை அறம் என்று அக்குறள் சொன்னதால், பல்லக்குக் காட்சியை அவர் முற்பிறப்பின் அறப்பயனுக்குச் சான்றாக்கிக்கொள்கிறார்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. அவர் தம் முடிவை மட்டும் சொல்லாமல், அதற்கு வந்த படிகளையும் காட்டுகிறார். ஆகவே எந்தப் படியில் நாம் அவரோடு செல்கிறோம், எந்தப் படியில் நின்றுவிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்க முடிகிறது. சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையே 'அறத்தின் வழி இது' என்று சொல்ல வேண்டா என, நேர் எதிராக இக்குறளுக்குப் பொருள் கொள்வோரும் உளர். வேண்டா என்பதை அவர்கள் விலக்காகக் கொள்கிறார்கள். சொற்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன என்பதே என் கருத்து. 36ஆம் குறளோடு இதை எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு அமையும். மேலும், அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழித்தலும் ஆம் என்று உரைப்பாயிரத்திலேயே (உரையின் முன்னுரையிலேயே) பரிமேலழகர் தம் நிலையை வெளிப்படையாக வைத்துவிடுகிறார். அது அவருடைய கோட்பாடு. குறளில் அப்படி ஓர் அடி இல்லை. 41ஆம் குறளின் 'இயல்புடைய மூவர்' போன்ற இடங்களில் இதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

இதற்காகவே மணக்குடவரையும் உடன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். திருக்குறளுக்கு உரை செய்தவர்கள் பதின்மர் என்று ஒரு பழம்பாடல் கூறுகிறது. அவர்களுள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகளே இன்று கிடைக்கின்றன. பரிமேலழகருக்கு முற்பட்ட மணக்குடவர் பொழிப்பை (திரண்ட பொருளை) சுருக்கமாகச் சொல்லிச் செல்பவர்; அவருடைய அறத்துப்பால் உரையை 1917இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை பதிப்பித்தார். குறள்களின் வரிசை இருவரிடமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. எண்ணைப் பார்த்துத் தேடாமல் முதற்குறிப்பைப் பார்த்துத் தேடுங்கள். இருவரும் வேறுபடும் குறளில்தான் நீங்கள் நின்று சிந்திக்க வேண்டும். "என்று பாடம் ஓதுவாரும் உளர்" என்று பரிமேலழகர் பெயர் சொல்லாமல் மறுக்கும் இடங்கள் சிலவற்றில், மறுக்கப்படும் கருத்து எது என்பதும் அப்போது விளங்கும்.

கருவிகள் அதிகம் வேண்டா. நன்னூலின் சொல்லதிகாரத்தில் வேற்றுமை, எச்சம், இடைச்சொல் பற்றிய பகுதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். 'உம்' என்னும் இடைச்சொல்லாகிய உம்மைக்கு நன்னூல் சொல்லும் 8 பொருள்கள் தெரிந்தால், 'உம்மை சிறப்பும்மை', 'எச்சவும்மை' என்று அவர் ஒரே சொல்லில் முடிக்கும் குறிப்புகள் திறந்துகொள்ளும். வை.மு.கோபாலகிருஷ்ணமாசாரியாரின் விளக்கக் குறிப்புகளோடு கூடிய பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் மிகவும் நல்லது. உரைப்பாயிரத்திலும் கடவுள் வாழ்த்திலும் தொடங்க வேண்டா. அவை தத்துவச் செறிவு மிக்கவை. செய்ந்நன்றி அறிதல், விருந்தோம்பல், இனியவை கூறல் இவற்றில் ஒன்றில் தொடங்கி, வாரம் ஓர் அதிகாரம் என்று செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் உரையை மூடி வைத்துக் குறளை நீங்களே சொல் பிரித்துப் பொருள் எழுதிய பிறகே உரையைத் திறக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. அங்கே வேறோர் எச்சரிக்கை தேவை. அவர் 'மாட்டு' என்னும் செய்யுள் உறுப்பைக் கொண்டு, பல அடிகள் தள்ளி நிற்கும் சொற்களை ஒன்றோடொன்று கூட்டிப் பொருள் முடிப்பார். முல்லைப்பாட்டுக்கு அவர் செய்த உரையை மறைமலையடிகள் இதன் பொருட்டே மறுத்து, பாட்டின் இயல்பான ஓட்டத்திலேயே தனி உரை எழுதினார். 103 அடிகளே கொண்ட அப்பாட்டில் தொடங்குங்கள். உரையின் பக்கம் போகாமல் மூன்று நான்கு முறை வாய்விட்டுப் படித்து, பாசறையும் தலைவியின் இல்லமும் மனத்தில் பதிந்தபின் நச்சினார்க்கினியரைத் திறந்தால், அவர் எந்த அடியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பதை நீங்களே பென்சிலால் குறித்துவிடலாம்.