திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு ஆறுதல்

அன்புள்ள அக்கா,

நான் பாளையங்கோட்டைக்காரன். ஆறு வருஷமாக பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஐடி வேலை. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். ஆபீஸ் முடிந்து வரும்போது எம்ஆர்பி மதுக்கடையில் ஒரு பாட்டில் வாங்காமல் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும், இப்போது தினமும். ஞாயிறு ஆராதனையில் அழுது ஒப்புக்கொடுக்கிறேன், மனசு லேசாகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் அந்த ஆறுதல் போன இடம் தெரிவதில்லை. கானாவூரில் இயேசு திராட்சரசம் கொடுத்தாரே, அளவோடு குடிப்பது பாவமா? இச்சையை ஜெயிக்க எந்த வசனத்தைப் பிடித்து ஜெபிக்க வேண்டும், எத்தனை நாள் உபவாசம்? விடுதலை ஊழியம் நடக்கும் சபைக்கு மாறலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு முன்னால் ஆண்டவர் என்னை விடுவித்துவிட வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கானாவூரை விடுங்கள். அங்கே ஊரே கூடியிருந்தது, கல்யாண வீடு. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குடிக்கிறீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

உபவாசம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், கண்டிப்பாகச் சொல்கிறேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகிவிடுவதும் உண்டு. அதோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு மூன்று நாள் அறைக்குள் கிடக்கப் போகிறீர்களா? ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, குடி, போதைப் பழக்கங்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு நடத்துகிறார்கள். முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் போனால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பவுலோடு கடைசிவரை நின்றவர்களில் ஒருவர் வைத்தியர். 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா' என்று கொலோசெயருக்கு எழுதும்போது பவுலே சொல்கிறார்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் தெரிவதற்கு முன்னால் ஆண்டவர் விடுவித்துவிட வேண்டும். இந்த ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது தம்பி. உங்களிடம் மட்டும் கேட்கவில்லை, இந்த ஊரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் கேட்டிருக்கிறேன். லெந்து காலத்தில் எங்கள் சபையில் சாட்சிக் கூட்டம் வைத்தார்கள், அன்றிலிருந்து இதே யோசனையாகத்தான் இருக்கிறேன். ஒவ்வொருவராக எழுந்து, நான் குடித்தேன், ஆண்டவர் தொட்டார், அன்றோடு விட்டேன் என்று சொல்கிறார்கள். எல்லோரும் அல்லேலூயா சொல்கிறோம். நேற்று ராத்திரி குடித்துவிட்டு இன்று காலையில் பல் விளக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்று பேச அந்தக் கூட்டத்தில் எங்கே இடம்? எல்லாம் முடிந்த பிறகு வா, அப்போது மைக் தருகிறோம் என்றுதானே நாம் அவனுக்குச் சொல்லாமல் சொல்கிறோம்? அவனும் உங்களைப் போலவே, முதலில் ஆண்டவர் ரகசியமாகச் சரி பண்ணட்டும், அப்புறம் எல்லோரிடமும் சொல்லலாம் என்று காத்திருக்கிறான். காத்திருந்து காத்திருந்து ஈரல் போகிறது.

என் பெரியப்பா கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது, பாறையே சுடும். மேலே வந்ததும் குடித்தால்தான் உடம்பு தாங்கும் என்று அங்கே பலரும் சொல்வார்கள், அவரும் சொன்னார். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பெங்களூருக்கு வந்து லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். உடம்பை வருத்தும் வேலை போய்விட்டது, குடி போகவில்லை. அப்போது பாக்கெட் சாராயம். 2007 ஜூலையில் கர்நாடகாவில் சாராயத்தை அடியோடு நிறுத்தியபோது, இனி தப்பித்தோம் என்று பெரியம்மா ஸ்தோத்திர ஜெபமே வைத்தார். பெரியப்பா அந்த வாரமே மலிவு விஸ்கிக்கு மாறினார். பெருக்கிச் சுத்தம் பண்ணி வெறுமையாக விட்ட வீட்டுக்கு, போன ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததாக மத்தேயு 12-இல் இயேசு சொல்கிறாரே, அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அந்த வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

அவரையும் ஒரு கூட்டத்தில் மேடையேற்றினார்கள். கை வைத்து ஜெபித்தார்கள், அவர் அழுதார், விடுதலை கிடைத்தது என்று மைக்கில் சொன்னார். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்தது உண்மையான ஆறுதல்தான். கொஞ்ச நாளில் மறுபடி குடித்தார். அதற்குப் பிறகு கோவிலுக்குப் போக வெட்கம். எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னவன் எந்த முகத்தோடு போவான்? அந்த மேடை அவரைச் சபையிலிருந்து ஒரேயடியாகத் துரத்திவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்புறம் அவரைத் தேடி வந்தவர் எங்கள் ஆலயத்தின் கோவில்பிள்ளை. மணி அடிப்பவர், பெஞ்சு துடைப்பவர். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர், கேஜிஎஃப்காரர்தான். சாயங்காலம் பெரியப்பா டியூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு, கையில் தினத்தந்தியும் ஒரு பொட்டலம் பக்கோடாவும் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா டீ போட்டுக் கொடுப்பார். இரண்டு பேரும் பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார்கள், சுரங்கக் கதை பேசுவார்கள். பெரியப்பாவின் கை டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடும், கோவில்பிள்ளை அதைப் பார்க்காத மாதிரி டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, சூடு ஆறட்டும் என்பார். ஒன்பதரை மணிக்கு மேல்தான் கிளம்புவார். வசனம் சொன்னது குறைவு. கிளம்பும்போது தோளில் கை வைத்து இரண்டு வரி ஜெபம், அவ்வளவுதான். பெரியப்பா இடையில் தவறி விழுந்த நாட்களிலும் வந்தார், ஏன் என்று கேட்கவில்லை, வாந்தியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். "ஆண்டவர் வர்ற வரைக்கும் இவன் எந்திரிக்க மாட்டான் போல இருக்கே" என்று பெரியப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். மெல்ல மெல்ல, இடையில் பலமுறை சறுக்கி, குடி நின்றது. அவர் அதற்குச் சாட்சி சொல்லவே இல்லை, யாரும் கேட்டாலும் மறுத்துவிடுவார்.

நீங்கள் வசனம் கேட்டீர்கள். யாக்கோபு 5:16. 'நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்.' சொஸ்தமான பிறகு அறிக்கையிடு என்று யாக்கோபு எழுதவில்லை, வரிசையைப் பாருங்கள். ஆண்டவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் எழுதவில்லை.

குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) என்ற இயக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை ஆரம்பித்த பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடவுளை நோக்கிக் கதறியபோது அறையெல்லாம் வெளிச்சம் நிரம்பியதாகச் சொன்னவர். நம் ஊராக இருந்தால் மறுநாளே மேடை போட்டிருப்போம். ஆனால் 1935 மே மாதம், வியாபார விஷயமாக ஓஹையோவில் உள்ள ஆக்ரன் ஊருக்குப் போய், அது கைகூடாமல், ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். அந்த வெளிச்சத்தைப் பார்த்த மனுஷனுக்கே கால் அங்கே இழுக்கிறது. அவர் செய்தது என்ன தெரியுமா? இன்னொரு பக்கத்தில் இருந்த போனை எடுத்து, அந்த ஊர்ப் போதகர் ஒருவரைக் கூப்பிட்டு, நான் பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படித் தேடிப் போய்ச் சந்தித்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அவர்கள் அந்த ஆரம்ப நாட்களில் விரும்பிப் படித்த வேதபகுதிகளில் யாக்கோபு நிருபமும் ஒன்று. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதைப் படித்துப் பாருங்கள், கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனுஷரிடமும் தன் தவறுகளை ஒப்புக்கொள்வது. அந்த மூன்றாவது ஆளைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

கிறிஸ்துவின் ஆறுதல் நிலைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைப்பது நிஜம், அதைச் சந்தேகப்படாதீர்கள். ஆனால் அவர் அதை வெறும் உணர்ச்சியாக மட்டும் அனுப்புகிறவர் இல்லை. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணினானா? தட்டி எழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டான், மறுபடி படுத்துத் தூங்கிவிட்டான். தூதன் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, சாப்பிடு, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. பக்கோடாப் பொட்டலத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்த அந்தக் கோவில்பிள்ளையை நான் இந்த அதிகாரத்தை விட்டுப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

உங்கள் மனைவிக்குத் தெரியாது என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. பெரியம்மாவுக்குக் கேட் தாழ்ப்பாள் போடும் சத்தத்திலேயே தெரியும், இன்றைக்கு எத்தனை பாக்கெட் என்று. ராத்திரி வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டு நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லும் புருஷனைப் பற்றி ஒரு பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துகொண்டு, பிள்ளைத்தாய்ச்சியாக, யாரிடமும் சொல்ல முடியாமல் அவளும் தனியாகத்தான் இருப்பாள். நீங்கள் ரகசியம் காப்பது அவளுக்கு உதவி இல்லை.

சபை மாறுவது பற்றி: மாறாதீர்கள். புது இடத்தில் புது வெள்ளைச் சட்டை, வேறென்ன? இப்போது போகும் சபையிலேயே குடித்து மீண்ட ஒருவர் நிச்சயம் இருப்பார், உங்கள் போதகருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும். அவரிடம் போய், ஆபீஸ் முடிந்து நான் வரும் நேரத்துக்கு என்னோடு இருக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஏஏ கூட்டம் தேடிப் போங்கள், பெங்களூரில் நடக்கிறது.

இன்று ராத்திரி குடிப்பதற்கு முன்னால் மனைவிக்குப் போன் பண்ணுங்கள். வரும் வாரமே டாக்டர். அப்புறம் எனக்கு எழுதுங்கள், குடித்திருந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா