ஆண் மலட்டுப் பயிரில் மைட்டோகாண்ட்ரியா புரதத்தை ஏன் தேடுகிறார்கள்?

படிவம் ஆறு படிக்கும் தம்பி கேட்டது: மரபணுவைப் பார்த்தால் போதாதா, புரதம் எதற்கு?

போதாது தம்பி. ஆண் மலட்டுப் பயிர் என்றால் நல்ல மகரந்தம் உருவாகாத பயிர்; இங்கே சொல்லும் வகைகளில் அந்தக் குறை வருவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து. செடியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதி அடிக்கடி வெட்டி ஒட்டப்பட்டுக் கலைந்து கிடக்கும், அதில் புதிதாக முளைத்த துண்டுகள் ஏராளம், எது உண்மையில் வேலை பார்க்கிறது என்பது புரதமாக வெளிவந்தால்தான் தெரியும். பாசார் மாலாமில் அவித்து விற்கிறார்களே சோளம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் வகை மலட்டுச் சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அது தயாரிக்கும் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவு வாரியாகப் பிரித்தால், சாதாரணச் சோளத்தில் இல்லாத ஒரு கோடு 13 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அருகே நிற்கும். 1978ல் கண்டது இது. பிறகு அதன் மரபணுவும் பிடிபட்டது, பெயர் டி-யூஆர்எஃப்13. உட்கருவில் ஆர்எஃப்1 என்ற, மகரந்தம் திரும்ப உதவும் மீட்பு மரபணு இருந்தால் அந்தக் கோடு மங்கிவிடும், மீட்புக்குத் துணையாக ஆர்எஃப்2 என்ற இன்னொரு மரபணுவும் சேர்ந்தால் மகரந்தம் திரும்பிவிடும். மரபணு அப்படியே இருக்க, புரதம் மட்டும் குறைகிறது!

சரி, இப்படிப்பட்ட புரதம் மகரந்தத்தை எப்படிக் கெடுக்கும்? மகரந்தப் பையின் உள்சுவரில் டபீட்டம் என்று ஒரு அடுக்கு, வளரும் மகரந்தத்துக்குச் சோறு ஊட்டுவது அதுதான். அது அகாலத்தில் செத்தால் கதை முடிந்தது. ஆண் மலட்டு நெல்லில் டபிள்யூஏ352 என்ற புரதம் காக்ஸ்11 என்ற மைட்டோகாண்ட்ரியா புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இதைத்தான் செய்கிறது.

அப்புறம் ஒரு வினை: சோளத்தின் அதே 13 கிலோடால்டன் புரதத்தில் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சு ஒட்டி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஓட்டை போடும். 1970ல் அமெரிக்கச் சோளக்காடுகள் கருகியது அதனால்தான்.