மேற்கு நாடுகளில் பரவிய சூஃபி வழி இஸ்லாம்தானா, இல்லை இஸ்லாம் நீக்கப்பட்ட மனஅமைதிப் பண்டமா?

கேள்வி கேட்டவர் ஒரு சிறு விளக்கமும் சேர்த்திருக்கிறார். பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியின் பெயரில் வாழ்த்து அட்டை விற்கிறார்களாம், தொழுகை என்றால் என்னவென்றே அறியாதவர்கள் வார இறுதி முகாம்களில் சுழன்று ஆடுகிறார்களாம். "இதில் மார்க்கம் எங்கே இருக்கிறது? அங்கே வசிப்பவர்கள் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவுக்கு வேலை மாற்றலாகி வருகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் ஒட்டுமொத்த மேற்குலகுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் காயல்பட்டினத்துக்காரன். டெலவர் ஆற்றுக்கு இந்தக் கரையில், நியூ ஜெர்சியில் குடியிருக்கிறேன். பாலத்தைத் தாண்டினால் பிலடெல்ஃபியா. அந்த நகரத்தின் மேற்கு விளிம்பில், ஓவர்புரூக் அவென்யூவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அதை எழுப்பத் தூண்டியவர் தமிழில் மட்டுமே பேசிய ஒருவர். உங்கள் கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில் அந்த இடம்தான்.

முதலில் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் செய்துவிடுகிறேன். 1910 இல் பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர் இனாயத் கான் அமெரிக்காவில் இறங்கினார். சிஷ்தியா என்ற சூஃபி மரபில் தீட்சை பெற்றவர். ஆனாலும் தம்மிடம் வந்த மேல்நாட்டவரிடம் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லும்படி அவர் கேட்கவில்லை. எல்லா மதங்களுக்கும் பொதுவான ஞானமாகவே சூஃபி வழியை முன்வைத்தார். ஒரு காலனி நாட்டிலிருந்து வந்த மனிதர், கிழக்கத்திய ஞானம் என்றால் காது கொடுக்கவும் இஸ்லாம் என்றால் முகம் சுளிக்கவும் பழகிய சபைகளில், வேறு எந்த வாசல் வழியாக நுழைந்திருக்க முடியும்? அவரை வியாபாரி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அவர் திறந்த வாசல் வழியாகப் பின்னாளில் வியாபாரிகளும் நுழைந்தார்கள் என்பது உண்மை.

ஓவர்புரூக் கதை வேறு திசையில் போனது.

முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன் எப்போது, எங்கே பிறந்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. தெரிந்த வரலாறு 1940களில் இலங்கையில் தொடங்குகிறது. கதிர்காமத்துக்கும் பலாங்கொடைக்கு அருகிலுள்ள ஜெய்லானிக்கும் யாத்திரை போனவர்கள் அவரைக் காட்டுப்பகுதியில் சந்தித்து, தங்கள் ஊர்ப் பக்கம் அழைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் அமைந்தது. நோயாளிகளும் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களும் பசித்தவர்களும் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பலர் இந்துத் தமிழர்கள். அவர்களுக்கு அவர் சாமியார். கொழும்பு முஸ்லிம்களுக்கு அவர் ஷைகு, அதாவது ஞான ஆசிரியர். இரண்டு பேச்சையும் அவர் மறுத்ததாகத் தெரியவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பேச ஆரம்பித்தால் மணிக்கணக்காகப் பேசுவார், நினைத்தபோது பாட்டாகவே பாடிவிடுவார். தமிழ் சூஃபிக் கவிஞர்களான தக்கலை பீர் முஹம்மது அப்பாவையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நடை புதிதல்ல. மாயை, ஞானம், ஆண்டவன் என்ற சொற்களோடு குத்பு, நூர், ரஹ்மத் என்ற அரபுச் சொற்கள் ஒரே மூச்சில் வரும். மனித அறிவின் படிகளை உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு என்று ஏழாக அடுக்குவார். (ஆறாம் படியின் பெயரைக் கேட்டு ஈரோட்டு நண்பர் ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.)

பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சிலர் கடிதம் வழியாக அவரோடு தொடர்பு கொண்டு அழைத்தார்கள். 1971 அக்டோபரில் வந்து சேர்ந்தார். வியட்நாம் போர் இன்னும் ஓயாத காலம். நீண்ட முடி வளர்த்தவர்கள், போதைப்பொருளில் சிக்கி மீண்டவர்கள், யூத, கிறித்தவக் குடும்பங்களில் பிறந்து அந்த மரபுகளில் மனம் ஒட்டாதவர்கள், கறுப்பின இளைஞர்கள் என ஒரு கலவையான கூட்டம் அவரைச் சூழ்ந்தது. அப்போது அவர் பெயர் 'குரு பாவா'. முதலில் வெளிவந்த புத்தகங்களில் அப்படித்தான் அச்சிட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் குரு என்ற பெயருக்குத் தனி மவுசு இருந்தது. இந்தியாவிலிருந்து போய் இறங்கிய குருமார்களுக்கும் பஞ்சமில்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் அங்கே போயிருந்தால், "இதில் மார்க்கம் எங்கே?" என்று கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டிருப்பேன்.

அவர் அவசரப்படவில்லை. வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டார். சைவச் சோறு, அவரே அடுப்படியில் நின்று சமைத்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். நரி, யானை, குரங்கு வரும் கதைகள் சொன்னார். 1970களின் பிற்பாதியில் திக்ரு, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் தியானம், வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐவேளைத் தொழுகை வந்தது. 1984 மே மாதம், உறுப்பினர்கள் தங்கள் கையாலேயே கட்டிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 'குரு' என்ற முன்னொட்டு அதற்குள் உதிர்ந்துபோயிருந்தது. சிலர் விலகிப் போனார்கள்: மதத்தைவிட்டு ஓடி வந்தவர்களிடம் மதத்தைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் கணிசமானோர் தங்கினார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யவும், குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தப்பில்லாமல் ஓதவும், நோன்பு பிடிக்கவும் வளர்ந்த வயதில் கற்றுக்கொண்டார்கள்.

நாம் பிறப்பால் முஸ்லிம்கள். ஏழு வயதில் ஓதப் போனோம், ஓதாவிட்டால் உஸ்தாதின் பிரம்பு பேசியது. ஒரு பிலடெல்ஃபியாக்காரர் முப்பது வயதுக்கு மேல், யாரும் கட்டாயப்படுத்தாமல், பத்தாண்டுக் காலம் ஒரு கிழவரின் பேச்சைக் கேட்டபின் நெற்றி தரையில் பட முதல் சஜ்தா செய்கிறார். அவருடைய இஸ்லாத்தை அளக்க என் அளவுகோல் போதாது.

அதே பத்தாண்டில் அதே நகரத்தில் இன்னொன்றும் நடந்தது. பிலடெல்ஃபியாவில் கறுப்பின அமெரிக்கர்களின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தின் 12ஆம் எண் கோயில் இருந்தது. 1954 இல் அதை வளர்த்தெடுக்க வந்தவர்களில் மால்கம் எக்ஸும் ஒருவர். 1975 பிப்ரவரியில் அந்த இயக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மது இறந்ததும் அவருடைய மகன் வாரித் தீன் முஹம்மது அதன் பெரும் பகுதியை, உலக முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் சுன்னி வழிக்குத் திருப்பினார். கறுப்பினப் பெருமிதம் பேசிய ஓர் இயக்கமும் 'குரு'வைத் தேடி வந்த ஒரு கூட்டமும், ஒன்றையொன்று கலந்துகொள்ளாமலேயே, சில ஆண்டு இடைவெளியில் அதே கிப்லாவை, மக்காவின் திசையை, நோக்கி நின்றன. பிலடெல்ஃபியாவின் தெருக்களில் இன்று தாடியும் ஹிஜாபும் சர்வசாதாரணம். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல விசா வாங்கி வந்தவர்கள் அல்லர், இந்த மண்ணின் மக்கள். குடியேறிகள் இதை அடிக்கடி மறந்துவிட்டு, இஸ்லாத்தை அமெரிக்காவுக்கு நாம்தான் கொண்டுவந்தோம் என்பதுபோலப் பேசுவது எனக்கு வெட்கமாக இருக்கும்.

நீங்கள் சொன்ன ரூமி வாழ்த்து அட்டை விஷயத்துக்கும் இந்த ஓவர்புரூக் இடத்துக்கும் நேரடி உறவு இருக்கிறது. அமெரிக்காவில் ரூமியைப் பெரும் விற்பனைக்கு உரியவராக மாற்றியவர் கோல்மன் பார்க்ஸ், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கவிஞர். பாரசீகம் தெரியாதவர், பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை எடுத்துப் புதுக்கவிதையாக ஆக்கினார். ரூமியின் வரிகளிலிருந்து குர்ஆனையும் நபியையும் கழற்றிவிட்டார் என்று அவர்மேல் பலமான குற்றச்சாட்டு உண்டு. அந்தப் பார்க்ஸ் தம் ஆசிரியர் என்று சொன்னது யாரைத் தெரியுமா? பாவா முஹையத்தீனைத்தான். 1977 இல் கனவில் கண்டதாகவும், அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியாவில் நேரில் சந்தித்ததாகவும், ரூமி வேலையைத் தொடரச் சொன்னவர் அவரே என்றும் பார்க்ஸ் எழுதியிருக்கிறார். ஆக, பள்ளிவாசல் கட்டிய ஷைகும், பள்ளிவாசல் வாசனையில்லாத ரூமியும் ஒரே கூடத்திலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். குற்றச்சாட்டு பெரும்பாலும் சரி என்பதே என் எண்ணம். ஆனாலும் அந்தப் புத்தகங்கள் வழியாக இஸ்லாத்துக்குள் வந்த ஒருவரை ஜும்மாவில் என் பக்கத்துத் தொழுகை வரிசையிலேயே பார்த்திருப்பதால், முழு மூச்சாகத் திட்ட வாய் வரவில்லை.

பாவா 1986 டிசம்பர் 8 அன்று காலமானார். வாரிசு என்று யாரையும் நியமிக்கவில்லை. பதிவுசெய்த பேச்சுகள் மட்டும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை ஒலிக்கவிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு கேட்கிறார்கள். முதல் தடவை அந்தக் கூடத்தில் நான் பட்ட சங்கடத்தைச் சொல்ல வேண்டும். கிழவர் யாழ்ப்பாண வாடையோடு ஏதோ ஒரு குறும்பைச் சொன்னார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு வந்து சேராததால் மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். சில நொடி கழித்துக் கூடம் முழுவதும் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி திரும்பிப் பார்த்து, பேச்சு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "உங்களுக்கு அவர் சொல்வது அப்படியே புரிகிறதா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன். அவர் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. தமிழ் தெரிந்திருப்பதற்காக அமெரிக்காவில் என்மேல் யாரும் பொறாமைப்பட்டது அப்போதுதான்.

இனி சர்ச்சைகள். கோட்ஸ்வில் ஊர்ப்பக்கம் உள்ள பண்ணை நிலத்தில் பாவாவை அடக்கம் செய்தார்கள். வெள்ளைக் குவிமாடத்தோடு மஸார் (அடக்கத்தலக் கட்டடம்) எழுந்தது. முஸ்லிம்களும் வருகிறார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் வருகிறார்கள். ஆண்டுதோறும் நினைவு நாள் நடக்கிறது, சாப்பாடு உண்டு. தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஊரிலிருந்து காக்கா (அண்ணன்) கேட்டார்: "அமெரிக்காவிலும் கந்தூரியாடா? அதுவும் கறி இல்லாமலா?" அவருக்கு இரண்டாவதுதான் பெரிய அதிர்ச்சி. தர்கா கூடுமா, கூடாதா என்ற வழக்கு நம்மூர்களில் எத்தனை வீடுகளைப் பிரித்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது விமானமேறி இங்கும் வந்திருக்கிறது. கப்ரின்மேல் (புதைத்த இடத்தின்மேல்) கட்டடம் எழுப்புவதை ஏற்காதவர்கள் பள்ளியில் தொழுதுவிட்டு, பண்ணைப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. மஸாரில் கண்ணீரோடு நிற்பவர்களில் பள்ளிக்குள் கால் வைக்காதவர்களும் இருக்கிறார்கள்: அவர்களுக்கு அவர் இன்றும் குரு பாவாதான். பாவாவைப் பின்பற்ற முஸ்லிமாக வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தச் சமூகத்துக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. என்னைக் கேட்டால், ஐவேளைத் தொழுகையையும் பள்ளியையும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்திய மனிதரின் பேச்சில் முதல் பத்தாண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்குவது நேர்மையான வாசிப்பு அல்ல. ஆனால் அவர்களை வாசலில் நிறுத்தி விரட்டுகிறவர் யாரும் அங்கே இல்லை; பாவாவும் விரட்டியிருக்கமாட்டார் என்பதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

மஸாரைச் சுற்றிய அந்தப் பண்ணையில் மையவாடியும் (பொது அடக்க நிலம்) இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத விஷயம் இது. மேல்நாட்டில் முஸ்லிமாக வாழ்வதைவிட முஸ்லிமாக இறப்பது சில சமயம் சிக்கலானது. தனி அடக்க நிலம் எல்லா ஊரிலும் கிடையாது. மார்க்கத்துக்கு வந்தவரின் பெற்றோரோ சகோதரரோ வேறு முறையில் இறுதிச் சடங்கு செய்ய விரும்பலாம். நிலம் வாங்கி வைத்த ஒரு சமூகம் இருந்தால் அந்த இழுபறி பாதியாகக் குறைகிறது. மன அமைதிக்காக மட்டும் கூடிய கூட்டம் மையவாடி வாங்காது. ஜூன் மாதத்தில் ரமலான் வந்த ஆண்டுகளில் 16 மணி நேரத்துக்கும் மேல் நோன்பு பிடித்திருக்கவும் மாட்டாது.

நீங்கள் வரும்போது ஜும்மாவுக்குப் போங்கள். முகவரி 5820, ஓவர்புரூக் அவென்யூ. சமையலறையில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் வெங்காயம் உரிக்கக் கேட்பார்கள், தயங்காமல் உட்காருங்கள். தமிழ் தெரியும் என்று சொல்லிவிட்டால் பழைய ஆட்கள் சீக்கிரத்தில் விடமாட்டார்கள், ஏதாவது ஓர் ஒலிப்பதிவைப் போட்டு இதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். மஸாருக்கு மேற்கே ஒரு மணி நேரப் பயணம். கார் இல்லாமல் போக முடியாது. போவதா வேண்டாமா என்பதை உங்கள் மத்ஹபும் (நீங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட மரபும்) மனமும் முடிவு செய்யட்டும்.