எழுதுவது பெரியவர், சொல்வது பிள்ளை

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் நீங்கள் நடத்தும் கதைப்புத்தகப் பட்டறையில் பெரியவர்களே கதையை எழுதி முடித்துவிடுகிறார்கள், பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதோடு சரி என்று வருந்தியிருந்தீர்கள். எங்கள் செம்பனைத் தோட்டத்திலும் முதல் மாதம் இதேதான் நடந்தது.

நாங்கள் வரிசையை மாற்றினோம். முதலில் படம். பிள்ளை தன் படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்ல, பெரியவர் அதே சொற்களில் எழுத வேண்டும். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்த பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்த ஒரு சிறுமி, "மங்குக்குள் பால் தூங்குகிறது" என்றாள் (மங்கு என்பது மரத்துப் பால் வடியும் கிண்ணம்). 'தூங்குகிறது' என்பதை 'உறைகிறது' என்று மாற்றப் போன ஆசிரியரைத் தடுத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடும்! எழுத்துப்பிழையை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் 16 பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி போதும். விற்பனைக்கு ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) தேவைப்பட்டால் மலேசிய தேசிய நூலகத்தில் விண்ணப்பியுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பிள்ளையே பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். திக்கும் வரிகளை அவளையே மாற்றச் சொல்லுங்கள்.