நாய்க்கு எதற்கு நேர்காணல்? – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பது பற்றி ஆறு மாதமாகப் பேச்சு. பையனுக்கு எட்டு வயது, தினமும் நச்சரிப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டாம், காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். போன ஞாயிறு ஒரு காப்பகத்துக்கு போன் செய்தேன். பேசிய பெண் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பாரா? பகலில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? மொட்டைமாடியில் கட்டிப்போடுவீர்களா? முன்பு நாய் வளர்த்ததுண்டா, அதற்கு என்ன ஆயிற்று? அப்புறம் வீட்டை வந்து பார்ப்பார்களாம், கருத்தடை செய்வேன் என்று கையெழுத்தும் போட வேண்டுமாம். எனக்குப் பெண் கொடுக்கும்போது மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. தெருவில் கிடந்த நாய்தானே சார்? இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் பணத்தை நீட்டினால் லேப்ரடார் குட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

என் மனைவிக்குக் குட்டிதான் வேண்டும், வளர்ந்த நாய் ஒட்டாது என்கிறாள். காப்பகத்திலோ மூன்று வயது நாட்டு நாய் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறார்கள். பையன் இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படுமா? என் மச்சான், "கோர்ட்டே எல்லா நாயையும் காப்பகத்தில் போடச் சொல்லிடுச்சு, நீ எதுக்கு வெளிய எடுத்துட்டு வர்ற" என்கிறார். நீங்கள் நாய் வளர்ப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்., தாம்பரம்

அன்புள்ள ஆர்.,

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே மாடு உங்களை வாயைத் திறக்கச் சொல்கிறது, அதுதான் உங்கள் கோபம். எனக்கும் ஒருமுறை அந்தக் கோபம் வந்து, கேள்வி கேட்காத வேறொரு இடத்துக்குப் போய் ஒரு நாயைக் கொண்டுவந்தேன். முன்பு வளர்த்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் கேட்டாரே, அதற்கு என் பதில், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது. இதை இதுவரை இங்கே எழுதியதில்லை.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு காது மடங்கிய பழுப்பு நாய் கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஃபோட்டோவைப் பார்த்து, அன்று சாயங்காலமே போய் எடுத்து வந்தேன். மனைவியிடமும் கேட்கவில்லை, வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை, நேரில் பார்த்தால் இரண்டு பேரும் இளகிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. யாரும் இளகவில்லை. பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட, அந்த நாய் ஒன்பது மணி நேரம் கதவைப் பிறாண்டியது, ஊளையிட்டது, கீழ் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் வேறு. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்காரர், "நாயா வீடா, முடிவு பண்ணிக்குங்க" என்றார். ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஊர்சுற்றப் போவதாக நினைத்து வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. காப்பகச் சந்து திரும்பி, உள்ளேயிருந்து குரைப்பு கேட்டதுதான் தாமதம், தலையை இழுத்துக்கொண்டு என் இரண்டு கால்களுக்கும் நடுவே இறங்கி உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்த பையன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "விடுங்க சார், நெறைய பேர் கொண்டாந்து விடுவாங்க" என்று சொல்லிச் சங்கிலியை வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த தீவனப் பையைக் கொடுத்தேன், அதற்கு தேங்க்ஸ் வேறு சொன்னான்.

மேலும் ஒன்றரை வருடம் அந்த நாய் அங்கேயே இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஒருமுறை திரும்பி வந்த நாயைப் பற்றி, அடுத்து பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஏன் திருப்பிவிட்டாங்க, கடிச்சுதா?" என்றுதான். புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணைப் பற்றி ஊர் கேட்குமே, அதே தொனி. வாடகை வீடு, வீட்டுக்காரர் சம்மதம், பகலில் யார் என்கிற மூன்று கேள்விகளை அந்த இடத்திலும் என்னிடம் கேட்டிருந்தால் நான் அன்று அந்த நாயை எடுத்திருக்க மாட்டேன். ஆகவே உங்களிடம் கேட்ட பெண்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

மற்ற கேள்விகளும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு நாய் இருக்கும். தத்தெடுத்துப் போய் மே மாத வெயிலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கட்டி வைத்து 'காவலுக்கு' என்பார்கள், அதனால் மாடிக் கேள்வி. கருத்தடைக் கையெழுத்துக்குக் காரணம் எளிய கணக்கு. பெட்டை நாய் சினைப்பட்டால் ஒன்பது வாரத்தில் ஈனும். ஐந்தாறு குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து அதே காப்பகத்தின் வாசலில் விட்டுப் போவார்கள், ராத்திரியில், யாரும் பார்க்காதபோது. பெட்டிக்குள் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளாகவே இருக்கும், ஆண் குட்டிகளைத் தெருவிலேயே யாராவது எடுத்திருப்பார்கள். தத்துக்கொடுக்கும் முகாம்களிலும் இதைக் காணலாம். காலை பத்து மணிக்கு ஆணும் பெண்ணுமாக இருக்கும் கூண்டில் மதியம் பெட்டைகள்தான் மிஞ்சும், அதிலும் கறுப்பாக இருப்பவை. "பொட்ட நாய் வேணாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் பெண் குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறவரையும் பார்த்திருக்கிறேன்.

கடையைச் சொன்னீர்கள். அந்தக் குட்டியின் தாயை உங்களுக்குக் காட்டினார்களா? எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளே சொல்கின்றன, ஆனால் குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் விலைபோகும் என்பதால் கண் திறந்து நாலு நாள் ஆனதையெல்லாம் பெட்டியில் வைத்திருப்பார்கள். இன்னொன்று, காப்பகத்தில் தெருநாய்தான் இருக்கும் என்பது தவறு. லேப்ரடார், பக், பனிப்பிரதேசத்து ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் இருக்கும், கடையில் கேள்வியில்லாமல் வாங்கப்பட்டவைதான் அவையும். முடி கொட்டுகிறது, இடமாற்றம், குழந்தை பிறந்திருக்கிறது, ஏசி கரண்ட் பில் தாங்கவில்லை, இப்படி ஏதாவது காரணம்.

மச்சான் சொன்னது பாதிச் செய்தி. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உண்மை. பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22இல், மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. பிறகு அதே வருடம் நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று இன்னோர் உத்தரவு. ஆக, காப்பகங்களில் கூட்டம் கூடும். கூடுகிற இடத்திலிருந்து ஒன்றை வெளியே எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மச்சானிடம் கேளுங்கள்.

காப்பகத்தில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் நாயை வைத்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். மஞ்சள் போட்டு வேகவைத்த சோறும் கோழிக் கழிவும் அண்டாவில் வரும், ஃபினாயில் வாசனைக்கு மேல் அந்த வாசனை ஏறும், நூறு நாய் ஒரே நேரத்தில் குரைக்கும், வேலைக்கு நாலு பேர்தான். நல்ல மனிதர்கள், ஆனால் நாலு பேர். குட்டிகளுக்கு அது ஆபத்தான இடமும்கூட. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் அந்த ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது, ப்ளீச் வேண்டும், மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். திங்கட்கிழமை துள்ளி விளையாடிய ஓர் ஈடு, அதாவது ஒரே பிரசவத்துக் குட்டிகள், வெள்ளிக்கிழமைக்குள் ரத்தபேதியில் போய்விடும். அதனால்தான் வாலண்டியர்கள் தடுப்பூசி முடியும்வரை குட்டிகளை யார் வீட்டிலாவது தற்காலிகமாக, 'ஃபாஸ்டர்' என்று, வைக்க அலைகிறார்கள். நாய் நமக்கு ஒத்துவருமா என்று சந்தேகமிருந்தால் இதைச் செய்து பாருங்கள். பதினைந்து நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் இதில் அவமானம் கிடையாது, அதுதான் ஏற்பாடே.

நம் ஊருக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. 1959 மழையில் தி. நகரில் தண்ணீரில் தத்தளித்த குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்ததிலிருந்துதான் ப்ளூ கிராஸ் என்கிற விலங்குநல அமைப்பு வளர்ந்தது. மாநகராட்சி அப்போதெல்லாம் தெருநாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லாமல் கருத்தடை செய்து திரும்ப விடுங்கள் என்று ப்ளூ கிராஸ் அறுபதுகளிலிருந்தே கேட்டு, 1996இல்தான் சென்னையில் அது நடந்தது. காது நுனியில் V வடிவில் வெட்டியிருக்கும் நாய்களைத் தெருவில் பார்த்திருப்பீர்கள், ஆபரேஷன் முடிந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அந்தக் காதைப் பார்த்து "சண்டைபோட்ட நாய்" என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, வளர்ந்த நாய் ஒட்டுமா? இப்போது எங்கள் வீட்டில் இருப்பவள் வரும்போது நாலு வயது. காப்பகத்தில் ஓர் ஈட்டுக்கு பிஸ்கட் பெயராக வைத்திருந்தார்கள், இவள் பெயர் மேரி. எங்கள் கீழ் வீட்டு அக்கா பெயரும் மேரி. பால்கனியில் நின்று "மேரி, உள்ள வா" என்று இரண்டு நாள் கத்திய பிறகு மாரி ஆக்கிவிட்டோம். முதல் மூன்று நாள் சோஃபாவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வெளியே வரவில்லை. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிட்டாள், காலையில் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருக்கும். தென்னந்துடைப்பத்தைக் கையில் எடுத்தால் சிறுநீர் கழித்துவிடுவாள், ஆகவே எங்கள் வீட்டில் ஒரு மாதம் பெருக்குவது அவள் நடைக்குப் போன நேரத்தில். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து, என்னைத் தொடாமல், முதுகுக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்தாள். நான் அசையவே இல்லை, தேவைக்கு மேல் அரை கிலோ வெங்காயம் உரித்தேன். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று வாலண்டியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், பயம் போக, பழக, வீடு என்று நம்ப. மாரிக்குக் கடைசிக் கணக்கு ஐந்து மாதமாக நீண்டது, அவ்வளவுதான்.

குட்டியோ, என்ன குணத்தோடு வளரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வயது நாயைப் பற்றிப் பெரும்பாலும் தெரியும். குழந்தைகளைக் கண்டால் என்ன செய்கிறது, பூனையைத் துரத்துமா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா என்று தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். அவர்கள் உங்களைக் கேட்ட அளவுக்கு நீங்களும் கேளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு எல்லா நாயும் சரிப்படாது, சரிப்படாததை அவர்களே சொல்லிவிடுவார்கள், திரும்பி வருவதை அவர்களும் விரும்ப மாட்டார்கள். பையனுக்கு ஒரு விதி மட்டும் போதும், சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கையோடு வாங்கிவிடுங்கள். வருடா வருடம் போட வேண்டும், மாநகராட்சி உரிமத்துக்கும் அது தேவை.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் கூட்டிவர வேண்டாம். புது நாய் முதல் சரவெடிக்கே கதவிடுக்கில் ஓடிவிடும், அதற்கு உங்கள் வீடு எதுவென்று இன்னும் தெரிந்திருக்காது. முதல் மாதம் வெறும் கழுத்துப்பட்டையை நம்பாதீர்கள், பயந்த நாய் பின்வாக்கில் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும், மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் செய்து, வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள், காபி கொடுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை நீங்களும் உங்கள் மனைவியும் போய் அந்த மூன்று வயதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். முதல் தடவை பையனைக் கூட்டிப்போகாதீர்கள், அவன் நேராகக் குட்டிக் கூண்டுக்குத்தான் ஓடுவான்.

அன்புடன்